செஞ்சுக்கலாமுங்களா?

எடைக்குறைப்பு அறுவை சிகிச்சை செய்துகொண்ட எவரிடமும் சில மாதங்களில் ஒரு கேள்வி வந்து சேரும். "செஞ்சுக்கலாமுங்களா?" உடுமலையில் எனக்கு இது பல குரல்களில் வந்திருக்கிறது. நூல்மில் அலுவலகத்தில் வேலை பார்க்கும் பெண், மகளுக்கு வரன் பார்த்துக்கொண்டிருக்கும் ஓர் அம்மா, முழங்கால் தேய்ந்துபோன மளிகைக்கடைக்காரர், பொள்ளாச்சிப் பேருந்தில் பக்கத்து இருக்கையில் அமர்ந்திருந்த பெயர் தெரியாத ஒருவர். இவர்களில் பெரும்பாலோர் 70 கிலோமீட்டர் பயணம் செய்து கோவையில் மருத்துவரைப் பார்த்துவிட்டு வந்தவர்கள். ரத்தப் பரிசோதனை முடிந்திருக்கும். செலவுக் கணக்கும் கையில் இருக்கும். அதற்குப் பிறகுதான் என்னிடம் வருகிறார்கள்.

மருத்துவரிடம் இந்தக் கேள்விக்கு ஓர் அளவுகோல் உண்டு. உயரத்தையும் எடையையும் வைத்துக் கணக்கிடும் பி.எம்.ஐ. என்ற எண். 1991-இல் அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனம் கூட்டிய நிபுணர் குழு, அந்த எண் 40-க்கு மேல் இருந்தாலோ, 35-க்கு மேல் இருந்து கூடவே சர்க்கரைநோய் போன்றவை இருந்தாலோ அறுவை சிகிச்சையைப் பரிசீலிக்கலாம் என்றது. நம்மவர்களுக்குக் குறைந்த எடையிலேயே சர்க்கரையும் இதயநோயும் வந்துவிடுவதால், இங்கே அந்த வரம்பை 37.5 என்றும் 32.5 என்றும் இறக்கி வைத்தார்கள். 160 செ.மீ. உயரமுள்ள ஒருவருக்கு 37.5 என்பது 96 கிலோ. ஆக, 'செய்யலாமா' என்பதற்கு எண்ணில் ஒரு பதில் இருக்கவே செய்கிறது. பிறகு ஏன் என்னிடம் கேட்கிறார்கள்?

அவர்கள் கேட்பது அந்தக் கேள்வி அல்ல. செத்துப்போய்விடுவேனா என்று கேட்கிறார்கள். இனி ஆயுசுக்கும் வயிறார ஒருவேளை சாப்பிட முடியுமா என்று கேட்கிறார்கள். அதற்குப் பிறகும் நான் நானாகவே இருப்பேனா என்று கேட்கிறார்கள். இந்த மூன்றாவதை யாரும் வாய்விட்டுக் கேட்டதில்லை. ஆனால் என் முகத்தை, கழுத்தை, தொளதொளத்த மேற்கைகளை அவர்கள் பார்க்கும் பார்வையில் அது இருக்கும்.

நான் இங்கே எழுத நினைப்பது அவர்களுக்கான பதிலை அல்ல. பதில் சொல்லும் இடத்தில் நிற்பவருக்கு என்ன பொறுப்பு இருக்கிறது என்பதைப் பற்றி. ஒரு வழியில் கொஞ்சதூரம் முன்னால் போய்விட்டவர், அதன் தொடக்கத்தில் தயங்கி நிற்பவருக்கு என்ன செய்யக் கடமைப்பட்டவர்?

*

முதலில், அந்தத் தயக்கத்தை உண்டாக்கும் ஊரைப் பற்றிச் சொல்ல வேண்டும். பருமன் குறித்து நம்மிடம் இருப்பது மருத்துவக் கருத்தைவிட ஒழுக்கக் கருத்துதான். குண்டாக இருப்பவர் சோம்பேறி, நாக்கைக் கட்டத் தெரியாதவர். ஒல்லியானவருக்குச் சர்க்கரை வந்தால், "பாவம், பரம்பரையாட்ட இருக்குது" என்பார்கள். பருத்தவருக்கு வந்தால், "வராம என்ன பண்ணும்?" நோய் ஒன்றுதான், தீர்ப்பு இரண்டு.

அதே ஊர் நம்மைச் சாப்பிடச் சொல்லிக்கொண்டேயும் இருக்கிறது. கொங்கு நாட்டில் ஒறம்பரை வந்தால் முதலில் கேட்பதும் சோறு பற்றித்தான், அனுப்பி வைக்கும்போது வருத்தப்படுவதும் சோறு பற்றித்தான். பந்தியில் "போதுமுங்க" என்பது ஒரு சொல்லாகவே எடுத்துக்கொள்ளப்படாது. இலைக்குக் குறுக்கே கையை நீட்டினால் விரலிடுக்கில் ஒப்புட்டு விழும். எனக்குப் பன்னிரண்டு வயதாக இருந்தபோது என் அம்மாயி கன்னத்தை வழித்து, "பூசுனாப்புல இருந்தாத்தான் கண்ணு லட்சணம்" என்று திருஷ்டி கழித்தார். இருபத்திரண்டு வயதில், அதே உடம்பைப் பெண் பார்க்க வந்தவர்கள் போட்டோவோடு ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு, காப்பி மட்டும் குடித்துவிட்டுப் போனார்கள். நடுவே நான் எந்தக் குற்றமும் செய்திருக்கவில்லை. தீர்ப்பு மட்டும் மாறிவிட்டது.

உடுமலையும் பல்லடமும் கறிக்கோழிப் பண்ணைகளுக்குப் பேர்போனவை. பண்ணைக்காரர்கள் பேச்சில் 'எஃப்.சி.ஆர்.' என்ற சொல் அடிபடும். ஒரு கிலோ எடை கூடுவதற்கு எத்தனை கிலோ தீவனம் பிடிக்கிறது என்ற கணக்கு அது. ஒரே கொட்டகை, ஒரே தீவனம் என்றாலும் எல்லாக் குஞ்சும் ஒரே எடைக்கு வராது. குஞ்சின் இனம், வெயில், தண்ணீர், வெளிச்சம், நோய் எல்லாம் சேர்ந்துதான் எடையை முடிவு செய்கின்றன என்பது பண்ணைக்குக் காவல் இருப்பவருக்குக்கூடத் தெரியும். கோழியின் மனவுறுதியை யாரும் விசாரிப்பதில்லை. மனிதர் என்று வந்தால் மட்டும் இந்த அறிவெல்லாம் எங்கோ போய்விடுகிறது.

மனிதருக்குத் தேர்வு உண்டே என்று கேட்கலாம். உண்டுதான். ஆனால் அந்தத் தேர்வு எந்தத் தரையில் நின்றுகொண்டு நடக்கிறது? 2011-இல் மெல்போர்ன் ஆய்வாளர்கள், பருமனான ஐம்பது பேரைப் பத்து வாரம் கடுமையான குறைவுணவில் வைத்து எடை குறையச் செய்தார்கள். தொடங்கி ஓராண்டுக்கு மேலாகியும், அதை முடித்தவர்கள் உடலில் பசியைத் தூண்டும் கிரெலின் உயர்ந்தே இருந்தது. நிறைவைச் சொல்லும் சுரப்புகள் தாழ்ந்தே இருந்தன. பழைய எடைக்குத் திரும்பச் சொல்லி உடம்பு அவர்களிடம் ஓராண்டாகப் பேசிக்கொண்டே இருந்திருக்கிறது. டயட் இருந்து பத்து கிலோ இறக்கி, பன்னிரண்டு கிலோவாக ஏற்றிக்கொண்ட எவருக்கும் இந்த ஆய்வு புதிய செய்தி அல்ல. ஆனால் நமக்கு நேர்ந்தது நம் குணக்கேடு மட்டுமல்ல என்பதை யாரோ அளந்து சொல்வது பெரிய விஷயம்.

அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்கள் கேட்கும் வசவுகளில் முதன்மையானது 'குறுக்கு வழி' என்பது. இதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்கலாம். பரீட்சையில் காப்பியடிப்பது ஏமாற்று. ஏனென்றால் பரீட்சை நம் உழைப்பை அளப்பதற்காகவே வைக்கப்பட்டது. கண்ணாடி போட்டுக்கொண்டு பரீட்சை எழுதுவது ஏமாற்று அல்ல. ஏனென்றால் கண்பார்வையை அளப்பது பரீட்சையின் நோக்கமல்ல. எடை குறைப்பதில் குறுக்கு வழி என்று ஒன்று இருக்குமானால், எடை குறைப்பது நம் தகுதியை அளக்க யாரோ வைத்த பரீட்சையாக இருக்க வேண்டும். யார் வைத்தது? எனக்கு வேண்டியிருந்தது மாடிப்படியில் மூச்சு வாங்காமல் ஏறுவதும், இரவில் மூச்சுத் திணறி எழாமல் தூங்குவதும்தான். அதற்கு மதிப்பெண் எதற்கு?

ஆனால் எதிர்ப்பக்கத்திலும் நியாயமான ஒரு தயக்கம் இருக்கிறது. இந்தச் சிகிச்சையின் தொடக்கமே வேறொன்றின் பக்கவிளைவு. அயோவா பல்கலைக்கழகத்தில் எட்வர்ட் மேசன் என்ற அறுவை மருத்துவர், குடற்புண்ணுக்காக இரைப்பையின் ஒரு பகுதியை எடுத்தவர்கள் மெலிந்துபோவதையும் திரும்ப எடை கூடச் சிரமப்படுவதையும் கவனித்தார். 1966-இல் அதையே பருமனுக்குச் சிகிச்சையாகச் செய்துபார்த்தார். இன்று பரவலாகச் செய்யப்படும் 'ஸ்லீவ்' முறையில், இரைப்பையில் முக்கால் பங்குக்கு மேல் வெட்டி எடுத்துவிட்டு, மிச்சத்தை வாழைக்காய் அளவுக் குழாயாகத் தைத்துவிடுகிறார்கள். எடுத்ததைத் திரும்ப வைக்க முடியாது. புண்ணோ கட்டியோ இல்லாத ஓர் உறுப்பை, அதன் உரிமையாளர் சம்மதத்தோடு வெட்டி எறிகிறோம். இதைச் செய்துகொண்டவள் நான். மறுபடி கேட்டாலும் செய்துகொள்வேன். ஆனாலும் "சின்ன ஆபரேசன்தானுங்க, மூணு நாள்ல வீட்டுக்கு வந்திரலாம்" என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வருகிறது. வீட்டுக்கு வந்த பிறகுதான் அது தொடங்குகிறது.

*

வீட்டுக்கு வந்த பிறகு நடப்பவை கதைக்கு உதவாத சின்னச் சின்ன விஷயங்கள். முதலில் தெளிந்த நீராகாரம் மட்டும். பிறகு மோர், பால், வடிகட்டிய சூப். பிறகு மிக்ஸியில் அரைத்தது, பிறகு குழைந்தது. கெட்டியான சாப்பாட்டுக்கு வர இரண்டு மாதம் போல ஆகிவிடும். ஒரு நாளைக்குக் குறைந்தது 60 கிராம் புரதம் உள்ளே போக வேண்டும். ஒரு முட்டையில் 6 கிராம்தான். நாலு கரண்டியில் நிறைந்துவிடும் வயிற்றுக்குள் அந்த 60 கிராமை எப்படி நுழைப்பது என்பதே நாள் முழுக்க ஓடும் கணக்கு. முட்டை, பன்னீர், கோழிச்சாறு, அரைத்த கொள்ளுப் பருப்பு. சாப்பாட்டோடு தண்ணீர் குடிக்கக் கூடாது, அரைமணி நேரம் முன்னாலோ பின்னாலோதான். நாற்பது வருசப் பழக்கமாகச் சோற்றுக்குப் பக்கத்தில் சொம்பு வைக்கும் வீட்டில் இதைக் கடைப்பிடிப்பது, ஆபரேசனைவிடக் கஷ்டம். பி12, இரும்பு, கால்சியம், வைட்டமின் டி எல்லாம் ஆயுசுக்கும். மூன்றாம் மாதம் முடி கொத்துக் கொத்தாகக் கொட்டும், பிறகு பெரும்பாலானவர்களுக்கு வளரும். வெயில் கொளுத்தும் சித்திரையிலும் குளிரும்.

நான் 112 கிலோவிலிருந்து ஒன்றரை வருசத்தில் 74-க்கு வந்தேன். இப்போது 79. மாரியம்மன் தேர்நோம்பிக்குத் தேரோடு சேர்ந்து வீதி சுற்றி வந்தேன். கைப்பிடி வைத்த பிளாஸ்டிக் நாற்காலியில் யோசிக்காமல் உட்கார்ந்தேன். ஷேர் ஆட்டோவில் 'ரெண்டு பேர் காசு' என்ற நக்கல் நின்றது. சர்க்கரை மாத்திரை நின்றது. இவை சின்ன லாபங்கள் அல்ல.

நஷ்டங்களும் சின்னவை அல்ல. அரிசிம்பருப்பு சாதத்தில் நெய் ஊற்றி, அத்தை வட்டல் நிறைய வைத்துக்கொண்டு என் எதிரே உட்கார்ந்திருக்கிறார். நான் ஐந்து வாய் எடுத்து வைத்துவிட்டேன். "நல்லா இல்லையா கண்ணு?" சோறு என்பது இங்கே சோறு மட்டும் அல்ல. அத்தைக்குப் பேசத் தெரிந்த மொழி அது. அந்த மொழியில் அவர் சொல்வதை இனி என்னால் முழுதாக வாங்கிக்கொள்ள முடியாது. நான் வேண்டாம் என்று ஒதுக்குவது சோற்றை, அவருக்குப் படுவது தன்னை ஒதுக்குவதாக. இந்த இழப்பைப் பற்றி எந்தக் கையேட்டிலும் இல்லை.

இன்னொன்று, பாராட்டு. எடை இறங்கத் தொடங்கியதும் ஊர் என்னைப் பார்க்கத் தொடங்கியது. பத்து வருசமாக வணக்கம் சொல்லாதவர்கள் நின்று பேசினார்கள். "இப்பத்தான் ஆளாட்ட இருக்கறே" என்றார் ஒரு பெரியப்பா. அன்பாகத்தான் சொன்னார். ஆனால் அந்த வாக்கியத்துக்கு இன்னொரு பாதி இருக்கிறது. அதற்கு முன்னால் நான் ஆளாக இல்லையா? 112 கிலோவாக இருந்தவள்தான் அப்பாவை ஆஸ்பத்திரியில் வைத்துப் பார்த்துக்கொண்டாள், வீட்டுக்கடனை அடைத்தாள், இந்த ஆபரேசனுக்கான பணத்தையும் சேர்த்தாள். பாராட்டைச் சிரித்து ஏற்றுக்கொள்ளும் ஒவ்வொரு முறையும், அவளைப் பற்றிய ஏளனத்துக்கும் நான் தலையாட்டுகிறேன். ஏற்காமல் இருந்தால் திமிர் என்பார்கள். செய்துகொண்டவர்கள் பலருக்கு ஓராண்டு கழித்து வரும் இனம்புரியாத துக்கத்தின் ஒரு வேர் இது என்று நினைக்கிறேன். சிகிச்சைக்குப் பிந்தைய ஆண்டுகளில் குடிப்பழக்கமும் தன்னைத் தானே வருத்திக்கொள்வதும் ஒரு பகுதியினரிடம் கூடுவதை ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. உடம்பு லேசானால் மனமும் லேசாகிவிடும் என்பது பாதி உண்மைதான்.

*

இதையெல்லாம் யாரிடம் பேசுவது? மருத்துவருக்கு நேரம் பத்து நிமிடம். வீட்டாருக்கு அன்பு உண்டு, ஆனால் பயமும் உண்டு. அவர்களிடம் "இன்னைக்கு வாந்திங்க" என்றால் பதறிப்போவார்கள், "சோறு பிடிக்கலை" என்றால் அழுவார்கள். எனக்கு வாய்த்தது ஐந்து பேர் கொண்ட ஒரு சின்னக் கூட்டம். கோவையில் காத்திருப்பு வரிசையில் அறிமுகமாகி, உடுமலை, பொள்ளாச்சி, பழனி வட்டாரத்தவர்கள் என்பதால் ஒட்டிக்கொண்டவர்கள். ஓய்வுபெற்ற டீச்சரக்கா ஒருவர், கோழிப்பண்ணை அண்ணன் ஒருவர், தேங்காய் மண்டி வைத்திருக்கும் கணவன் மனைவி, நான். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை மண்டிக்காரர் தோப்பில் கூடுவோம். மற்றபடி போன்தான்.

நாங்கள் பேசிக்கொள்வதில் தத்துவம் எதுவும் இருக்காது. கல்யாண வீட்டில் இலையில் பரிமாறுபவரை எப்படிச் சமாளிப்பது (ஓரத்தில், பேச்சுக்காரர் ஒருவருக்குப் பக்கத்தில் உட்கார வேண்டும்). மாத்திரையை மறக்காமல் இருக்க எங்கே வைப்பது. இறங்கிக்கொண்டே வரும் உடம்புக்கு எத்தனை முறை சட்டை தைப்பது. கோழிப்பண்ணை அண்ணன்தான் கண்டுபிடித்துச் சொன்னார்: டீக்கடையில் டீயைப் பாதிக் கிளாஸில் வாங்கிக் கையில் வைத்திருந்தால் யாரும் எதுவும் கேட்பதில்லை. இதை எந்த நிபுணரும் சொல்லித்தர முடியாது.

ஒரே துன்பம் பட்டவர் இன்னொருவருக்கு உதவுவது என்ற இந்த ஏற்பாட்டுக்கு நவீன வரலாறு ஒன்று உண்டு. 1935-இல், வியாபாரம் தோற்றுப்போய் ஓஹியோ மாநிலம் ஆக்ரன் நகரில் நின்ற பில் வில்சன், மறுபடி குடித்துவிடுவோமோ என்று பயந்து, இன்னொரு குடிநோயாளியைத் தேடினார். கிடைத்தவர் பாப் ஸ்மித் என்ற மருத்துவர். ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் அந்தச் சந்திப்பில் பிறந்தது. வில்சன் முதலில் தேடியது உதவி செய்வதற்கு அல்ல, தான் தப்பிப்பதற்கு. சமூகவியல் அறிஞர் ஃபிராங்க் ரீஸ்மன் 1965-இல் இதற்கு ஒரு கோட்பாட்டு வடிவம் கொடுத்தார்: இத்தகைய உறவில் உதவி பெறுபவரைவிட உதவுபவருக்கே பலன் அதிகமாகக் கிடைக்கலாம். இது ஆறுதலான உண்மை, எச்சரிக்கையான உண்மையும்கூட. நான் ஒருவருக்கு வழி சொல்லும்போது, எனக்கு என்ன கிடைக்கிறது என்பதையும் பார்த்துக்கொள்ள வேண்டும். "செஞ்சுக்குங்க" என்று சொல்லி அவர் செய்துகொண்டால், என் முடிவு சரி என்று இன்னொரு உடம்பு கையெழுத்துப் போட்டதுபோல எனக்கு ஆகிறது.

நமக்கு இன்னும் பழைய ஒரு சட்டகம் இருக்கிறது. திருக்குறளின் 'மருந்து' அதிகாரத்தில் பாதிக்கு மேல் உணவின் அளவைப் பற்றியே பேசும் வள்ளுவர், கடைசிக் குறளில் மருத்துவத்தை நான்காகப் பகுக்கிறார். நோயுற்றவர், தீர்ப்பவர், மருந்து, பக்கத்தில் இருந்து பார்த்துக்கொள்பவர். நான்காமவரை அவர் உதிரியாகச் சேர்க்கவில்லை. மற்ற மூன்றோடு சமமாக நிறுத்துகிறார். பக்கத்தில் இருப்பவர் தீர்ப்பவராகிவிடக் கூடாது என்பதும் அந்தப் பகுப்பிலேயே அடங்கியிருப்பதாக நான் எடுத்துக்கொள்கிறேன்.

இது வெறும் வியாக்கியானம் அல்ல. எங்கள் கூட்டத்தில் மிக அதிகமாகப் புழங்கும் வாக்கியம், "அது எல்லாருக்கும் வர்றதுதானுங்க." பாதி நேரம் அது மருந்து. முடி கொட்டும்போது, ஏப்பம் நிற்காதபோது, காரணமில்லாமல் அழுகை வரும்போது அந்த வாக்கியம் ஒன்றே போதும். மீதி நேரம் அது விஷமாகலாம். மண்டிக்காரர் மனைவிக்கு ஒருமுறை தொடர்ந்து வாந்தி. குடித்த தண்ணீரும் நிற்கவில்லை. மூன்றாம் நாள் டீச்சரக்கா போனில் கேட்டுவிட்டு ஒரே வார்த்தை சொன்னார்: "அம்மிணி, எங்கிட்டப் பேசறத நிறுத்திப்போட்டுக் கார எடுக்கச் சொல்லு." விடாத வாந்தியால் தயமின் என்ற பி1 குறைந்தால் நரம்பும் மூளையும் பாதிக்கப்படும் என்பது அன்று ஆஸ்பத்திரியில்தான் எங்களுக்குத் தெரிந்தது. டீச்சரக்காவுக்கும் அது தெரிந்திருக்கவில்லை. தன் அனுபவம் எங்கே முடிகிறது என்பது மட்டும் அவருக்குத் தெரிந்திருந்தது. காய்ச்சல், நெஞ்சுப் படபடப்பு, நிற்காத வாந்தி, அடங்காத வயிற்றுவலி என்றால் எங்களுக்குள் பேச்சே கிடையாது என்று அன்றிலிருந்து ஒரு ஒப்பந்தம்.

*

ஒன்றிரண்டு வருசம் கழித்து நல்லபடியாக இருப்பவர்களுக்கு வேறொரு அழைப்பு வரும். முன்னால், பின்னால் என்று இரண்டு போட்டோ கொடுங்கள், மேடையில் நாலு வார்த்தை பேசுங்கள். அழைப்பவர்கள் எல்லோரும் வியாபாரிகள் அல்ல. பயந்து நிற்பவர்களுக்கு ஒரு முகம் தேவைப்படுகிறது என்பதும் மெய். எங்களில் ஒருவர் போய்ப் பேசினார். அதைப் பார்த்து ஒருவருக்கு வாழ்க்கை மாறியிருந்தால் அது நல்லதுதான். நான் போகவில்லை. காரணம், அந்த இரண்டு போட்டோக்களுக்கு நடுவே இருக்கும் வெள்ளைக்கோடு. என் முழு வாழ்க்கையும் அந்தக் கோட்டுக்குள் இருக்கிறது.

பட்டவர் தன் அனுபவத்தைச் சொல்வது விளம்பரமாக மாறுவதற்கு யாரும் கெட்டவராக இருக்கத் தேவையில்லை. 1961-இல் நியூயார்க்கின் குவீன்ஸ் பகுதியில் ஜீன் நைடெச் என்ற இல்லத்தரசி, தன்னைப்போலவே எடையோடு மல்லுக்கட்டிய தோழிகளைத் தன் வீட்டுக்கு அழைத்துப் பேசத் தொடங்கினார். பட்டவர்களின் மிகத் தூய்மையான கூட்டம் அது. 1963-இல் அது வெயிட் வாட்சர்ஸ் நிறுவனமாயிற்று. 1978-இல் உணவு நிறுவனமான ஹைன்ஸ் அதை வாங்கியது. அதனால் பலர் பலனடைந்தார்கள். ஆனால் தோழி பேசுவதைக் கேட்கும்போதும் நிறுவனத்தின் பிரதிநிதி பேசுவதைக் கேட்கும்போதும் நாம் வேறு வேறு காதுகளை வைத்துக் கேட்க வேண்டும்.

மேடைக்கு வர முடியாதவர்களும் இருக்கிறார்கள். 2024 ஏப்ரலில் புதுச்சேரியைச் சேர்ந்த ஓர் இளைஞர், சென்னையில் இந்தச் சிகிச்சைக்குப் போய் உயிரிழந்தார். அரசு விசாரணை நடந்தது. அந்த மருத்துவமனையின் உரிமம் தற்காலிகமாக நிறுத்தப்பட்டது. செய்தி வந்த அன்று என் போன் ஓயவில்லை. இதுவும் ஓர் உண்மை, எதிர்ப்பக்கத்து உண்மையும் உண்டு. பெரிய ஆய்வுகளின்படி, சிகிச்சையை ஒட்டிய முதல் மாதத்தில் இறப்பவர்கள் ஆயிரத்துக்கு ஒன்றிலிருந்து மூன்று பேர் வரை. ஸ்வீடனில் 1987-இல் தொடங்கி நீண்டகாலம் தொடர்ந்த ஆய்வு, செய்துகொண்டவர்கள் செய்துகொள்ளாதவர்களைவிடக் குறைவாகவே இறந்தார்கள் என்று 2007-இல் காட்டியது. சும்மா இருப்பதிலும் ஆபத்து இருக்கிறது, அது மெதுவாக வருவதால் செய்தியாவதில்லை. இரண்டையும் ஒரே மூச்சில் சொல்பவர்தான் சாட்சி. ஒன்றை மட்டும் சொல்பவர் விற்கிறார், அல்லது மிரட்டுகிறார். உயிரோடிருப்பதால் மட்டுமே என்னால் பேச முடிகிறது என்பதை நான் பேசும் ஒவ்வொரு முறையும் நினைவில் வைத்திருக்க வேண்டியிருக்கிறது.

2025 மார்ச்சில் மவுஞ்சாரோ ஊசி இந்தியாவுக்கு வந்த பிறகு, "ஆபரேசனா, ஊசியா?" என்றும் கேட்கிறார்கள். அதை மருத்துவரிடம்தான் கேட்க வேண்டும். ஆனால் ஊசி வந்தாலும் அத்தையின் வட்டலும் பெரியப்பாவின் பாராட்டும் அப்படியேதான் இருக்கும்.

*

எங்கள் கூட்டத்துக்கு வந்த உண்மையான சோதனை வேறு. சிகிச்சைக்குப் பிறகு ஒன்றிலிருந்து இரண்டு ஆண்டுக்குள் எடை மிகக் கீழே போகும், பிறகு பலருக்குக் கொஞ்சம் ஏறும், சிலருக்கு நிறையவே ஏறும். தோப்பில் கூடும்போதெல்லாம் ஆளுக்கொருவராக எடையைச் சொல்வது வழக்கமாகியிருந்தது. நான்காம் வருசம் கோழிப்பண்ணை அண்ணன் வருவது நின்றது. முதலில் பண்ணையில் குஞ்சு இறக்குகிறார்கள் என்றார். பிறகு போன் எடுக்கவில்லை. அவர் இறக்கிய 50 கிலோவில் 30 திரும்பிவிட்டதாக மண்டிக்காரர் கேள்விப்பட்டு வந்து சொன்னார்.

யாருக்கு எங்கள் துணை மிக அதிகமாகத் தேவையோ அவர்தான் எங்களிடம் வர முடியாதவராகிவிட்டார். எடை இறங்குவதையே நுழைவுச்சீட்டாக வைத்திருக்கும் இடத்தில் இது நடந்தே தீரும். ஊர் எங்களிடம் என்ன செய்ததோ, அதையே தோப்பில் சின்ன அளவில் ஒரு நாற்காலி வட்டமாகப் போட்டு நடத்தலாம் போலிருந்தது. டீச்சரக்கா அடுத்த கூட்டத்தில் எடை சொல்வதை நிறுத்திவிட்டார். விளக்கம் எதுவும் தரவில்லை. "இனி தூக்கம் எப்படி, மாத்திரை போடறீங்களா, யாருகூடப் பேசுனீங்க, அத மட்டும் சொல்லுங்க போதும்" என்றார். பிறகு அவரும் மண்டிக்காரரும் பண்ணைக்கே போனார்கள். கோழியைப் பற்றியும் மக்காச்சோள விலையைப் பற்றியும் பேசிவிட்டு வந்தார்கள். மூன்றாவது தடவை போனபோது அவரே வைட்டமின் மாத்திரையை நிறுத்திவிட்டதைச் சொன்னாராம். அடுத்த மாதம் வந்தார்.

பட்டவர்களின் கூட்டம் பட்டவர்களுடையதாக இருக்கிறதா, ஜெயித்தவர்களுடையதாகிவிட்டதா என்பதைக் கண்டுபிடிக்க வேறு வழி இல்லை என்று நினைக்கிறேன். தோற்றவர் உள்ளே வர முடிகிறதா என்று பார்க்க வேண்டும். அவர் தோற்றவர் என்ற சொல்லே அங்கே செல்லாததாக இருக்க வேண்டும்.

ஆகவே என்னிடம் கேட்பவர்களுக்கு இப்போது நான் ஆம், இல்லை என்று சொல்வதில்லை. ஒரு நாளைச் சொல்கிறேன். காலையில் என்ன சாப்பிட்டேன், எதை ஒதுக்கினேன், யார் மனம் நொந்தார்கள், எத்தனை படி ஏறினேன். எனக்குக் கிடைத்ததைச் சொல்கிறேன், போனதைச் சொல்கிறேன், எனக்கு நேராமல் மற்றவர்களுக்கு நேர்ந்ததையும் சொல்கிறேன். முடிவு எதுவானாலும், செய்துகொள்ளாவிட்டாலும், கூப்பிடலாம் என்கிறேன். இதில் கடைசிதான் எனக்குக் கடினம். "செய்" என்று சொல்ல அரை நிமிடம் போதும். ஐந்து வருசம் கழித்து எடை திரும்பிய ஒருவரின் போனை ராத்திரி பத்து மணிக்கு எடுப்பதற்கு நாம் யாராக இருக்க வேண்டும்? அதற்குத் தயாராக இல்லாதவருக்கு அரை நிமிடம் பேசவும் உரிமை இல்லை.

நூல்மில் பெண்ணைக் கோழிப்பண்ணை அண்ணனோடும் பேச வைத்தேன். எங்களில் மிக நன்றாக இறங்கியவரைத்தான் அவர் எதிர்பார்த்திருப்பார். அண்ணன் ஒரு மணிநேரம் பேசினார், தன் 50 கிலோவையும் 30 கிலோவையும் மறைக்காமல். சர்க்கரை இன்னும் கட்டுக்குள் இருப்பதைச் சொன்னார். ராத்திரியில் பண்ணையில் தனியாக இருக்கும்போது கை எதைத் தேடும் என்பதைச் சொன்னார். கடைசியில், "செஞ்சுக்கலாமான்னு எங்கிட்டக் கேக்காதீங்கம்மிணி. செஞ்சதுக்கப்பறம் பொழுதோட யாருகூட உக்காந்து சாப்பிடுவீங்கன்னு மட்டும் யோசிச்சுக்குங்க" என்றாராம். அந்தப் பெண் இன்னும் முடிவெடுக்கவில்லை. அடுத்த கூட்டத்துக்கு வரலாமா என்று கேட்டிருக்கிறார். வரச் சொல்லியிருக்கிறோம்.